கேமராவுக்கு எத்தனை பங்கு?

ஒரு கலைஞர் எவ்வாறு படைக்கிறார் என்பதைக் காட்ட முனையும் ஆவணப்படங்கள் பெரும்பாலும் அவருடைய கையையே பின்தொடர்கின்றன. தூரிகை பிடித்த கை, களிமண் பிசையும் கை, அபிநயம் பிடிக்கும் கை எனத் திரையில் கைகள் மாறுகின்றனவே தவிர, அந்தக் கை யாரிடமிருந்து எதை எடுத்தது, எடுத்ததற்கு ஈடாக என்ன கொடுத்தது என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. அக்கேள்வியைத் தன் மையமாக்கிக்கொண்ட தமிழ்ப் படம் ஒன்று 2011-ஆம் ஆண்டில் ராமேஸ்வரம் தீவின் கிழக்கு முனையான தனுஷ்கோடியிலிருந்து உருவாகி வந்தது. கவிஞரும் ஆவணப்பட இயக்குநருமான லீனா மணிமேகலையின் 'செங்கடல்' என்னும் அப்படத்தில், இயக்குநரே மணிமேகலை என்ற பெயருடைய படக்கலைஞராகத் தோன்றி, மீனவர்களையும் ஈழ அகதிகளையும் படம்பிடிக்க முயல்கிறார். அம்முயற்சியும் அதன் தடுமாற்றமும்தான் படத்தின் கதை.

ஆவணப்படத்தின் உண்மை மனிதர்களும் கதைப்படத்தின் கட்டமைப்பும் ஒன்றோடொன்று கலந்து கிடப்பதால், 'செங்கடல்' எந்த வகையைச் சேர்ந்தது என்ற விவாதம் அது வெளிவந்த நாளிலிருந்தே உண்டு. வகைப்பெயரைக் காட்டிலும் அது முன்வைக்கும் கணக்கே இங்கு ஆராயத்தக்கது. வலை இழுத்த ஆளுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, வள்ளத்துக்கு ஒரு பங்கு என்று பிடிபட்ட மீனைப் பிரித்துக்கொள்ளும் வழக்கமுடைய கரையில், பிறர் துயரைப் படம்பிடித்துச் செல்லும் கேமராவுக்கு எத்தனை பங்கு, படம்பிடிக்கப்பட்டவருக்கு எத்தனை பங்கு என்பதே அந்தக் கணக்கு.

கையைக் காட்டிய படங்கள்

படைப்பு நிகழும் கணத்தைத் திரையில் பிடிக்க முடியுமா என்ற ஆவலுக்குத் திரைக்கலை வரலாற்றில் நீண்ட தொடர்ச்சி உண்டு. பிரெஞ்சு இயக்குநர் ஆன்றி ஜார்ஜ் குளூஸோ 1956-இல் எடுத்த 'பிக்காசோ மர்மம்' என்ற படத்தில், மை ஊடுருவித் தெரியும் திரையின் ஒருபுறம் பிக்காசோ வரைய, மறுபுறமிருந்து கேமரா அதைப் பதிவு செய்தது. இதனால் ஓவியரின் கை மறைந்து, கோடுகள் தாமாகவே பிறந்து வளர்வதுபோல் தோன்றின. இந்தியாவில் ஓவியர் எம்.எஃப். உசேன், அரசின் திரைப்படப் பிரிவுக்காக ராஜஸ்தானில் எடுத்த 'ஓர் ஓவியனின் கண்கள் வழியே' என்ற குறும்படம், 1967-ஆம் ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது பெற்றது. ஓவியர் எவ்வாறு வரைகிறார் என்பதைக் காட்டாமல், வரைவதற்கு முன் அவர் எவ்வாறு பார்க்கிறார் என்பதைக் காட்டியதே அதன் புதுமையாகும்.

சத்யஜித் ராய் இவ்வகையில் இரண்டு படங்களைத் தந்தார். சாந்திநிகேதனில் தமக்கு ஓவியம் கற்பித்த வினோத் பிகாரி முகர்ஜியைப் பற்றி அவர் 1972-இல் எடுத்த 'அகக்கண்', பார்வையை முற்றிலும் இழந்த ஓர் ஓவியர் அதன் பின்னும் எவ்வாறு உருவங்களைப் படைத்துக்கொண்டிருந்தார் என்பதை அமைதியாகப் பின்தொடர்ந்தது. தமிழ்நாடு அரசும் மும்பையின் தேசிய நிகழ்கலை மையமும் இணைந்து தயாரிக்க, 1976-இல் அவர் எடுத்த 'பாலா', பரதக் கலைஞர் பாலசரஸ்வதியைக் கடற்கரையில் ஆடவைத்தது. கடற்காற்று ஆடையையும் அபிநயத்தையும் அலைக்கழித்த அக்காட்சி, மேடையிலிருந்து பிரித்து வெட்டவெளியில் நிறுத்தப்படும்போது ஒரு கலைக்கு என்ன நேர்கிறது என்ற விவாதத்தை இன்றுவரை உயிர்ப்போடு வைத்திருக்கிறது.

ஆவணப்படம் ஒன்று எவ்வாறு உருவாகிறது என்பதை எழுத்தில் பதிவு செய்த முன்னோடி, அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்த கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காகப் பல நாடுகளுக்குச் சென்று, பலர் பல காலங்களில் எடுத்த ஏறத்தாழ 50,000 அடி படச்சுருளைத் தேடிச் சேர்த்து, அதிலிருந்து தொகுத்த படத்தை 1940-இல் அவர் வெளியிட்டார். அந்தத் தேடலின் கதையைப் பிற்காலத்தில் 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற தலைப்பில் எழுதினார். யார் வீட்டுக் கதவைத் தட்டினார், எவர் கொடுத்தார், எவர் மறுத்தார் என்பதையெல்லாம் படத்திற்கு வெளியே நூலாக வைத்தவர் செட்டியார் என்றால், அத்தகைய தட்டலையும் மறுப்பையும் படத்திற்கு உள்ளேயே வைத்தது 'செங்கடல்' எனலாம்.

தன்னைக் காட்டும் கேமரா

ஆவணப்பட ஆய்வாளர் பில் நிக்கோல்ஸ் ஆவணப்படங்களை ஆறு முறைகளாகப் பகுத்தார். அவற்றுள் ஒன்று தன்னுணர் முறை எனத் தமிழில் குறிக்கத்தக்கது. உலகைக் காட்டுவதோடு நின்றுவிடாமல், அந்த உலகைக் காட்டும் செயல் எவ்வாறு நடக்கிறது, அதில் எது விடுபடுகிறது, எது செய்து காட்டப்படுகிறது என்பதையும் பார்வையாளர் முன் திறந்து வைக்கும் முறை இதுவாகும். சோவியத் இயக்குநர் ஜிகா வெர்த்தோவ் 1929-இல் 'கேமராவுடன் ஒரு மனிதன்' என்ற படத்தில் கேமராக்காரரையும் படத்தொகுப்பாளரையும் திரையில் நிறுத்தியபோதே இம்முறைக்கு வித்திடப்பட்டது. 1961-இல் பிரான்சில் ழான் ரூஷும் எட்கர் மோரானும் எடுத்த 'ஒரு கோடைக்காலத்தின் நாட்குறிப்பு', பேட்டி கொடுத்தவர்களையே அழைத்துப் படத்தைப் போட்டுக்காட்டி, அவர்கள் அதைக் குறை கூறியதையும் படத்தின் பகுதியாக்கியது.

தமிழில் ஆவணப்படம் பெரும்பாலும் சான்றுரைக்கும் கருவியாகவே வளர்ந்தது. ஓர் அநீதியைக் காட்டுவதற்கு அதுவே நேரான வழி என்பதால், அவ்வளர்ச்சியில் நியாயம் உண்டு. லீனா மணிமேகலையின் தொடக்ககாலப் படங்களான 'மாத்தம்மா', 'பறை' ஆகியவையும் இம்மரபில் வந்தவையே. 2007-இல் வெளிவந்த 'தேவதைகள்', ஒப்பாரி பாடும் ஒரு பெண், கேட்பாரற்ற பிணங்களைப் புதைக்கும் ஒரு பெண், கடலுக்குச் சென்று மீன்பிடிக்கும் ஒரு பெண் ஆகிய மூவரின் வாழ்வைத் தொடர்ந்து சென்று, 2008-ஆம் ஆண்டு மும்பை சர்வதேசத் திரைப்பட விழாவில் தங்கச் சங்கு விருதைப் பெற்றது. பிறர் வாழ்வை இத்தனை நெருங்கிச் சென்று பதிவுசெய்த ஒருவர், அடுத்த படத்தில் கேமராவைத் தம் பக்கமே திருப்பியதை அந்நெருக்கத்தின் தொடர்விளைவாகக் காண இடமுண்டு.

இரண்டு கடலுக்கு நடுவே

கேமராவைத் திருப்புவதற்கு அவர் தேர்ந்த இடம் தற்செயலானதன்று. வடக்கே பாக் நீரிணையும் தெற்கே மன்னார் வளைகுடாவும் சூழ்ந்த மணல் நாக்கின் நுனியில் அமைந்தது தனுஷ்கோடி. அலையடங்கிய வடபுறத்தைப் பெண் கடல் என்றும், ஆர்ப்பரிக்கும் தென்புறத்தை ஆண் கடல் என்றும் அங்குள்ள மீனவர் அழைக்கின்றனர். கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஒரு கடலும், வாடை எனப்படும் வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில் மறு கடலும் கொந்தளிப்பதால், ஒரே கிராமத்தின் தொழில் ஆண்டுக்கு இருமுறை கரை மாறுகிறது.

1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டபோது, சென்னையிலிருந்து ரயிலில் வந்து தனுஷ்கோடியில் கப்பலேறி, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தலைமன்னாரில் இறங்கி, மீண்டும் ரயிலேறிக் கொழும்பு செல்வதற்கு வழி பிறந்தது. போட் மெயில் என்ற பெயர் அதனால் வந்ததே. 1964 டிசம்பர் 22 நள்ளிரவையொட்டி வீசிய புயலில் பாம்பனிலிருந்து வந்த பயணியர் ரயில் கடலலையில் மூழ்கியது. ரயில் நிலையம், தேவாலயம், அஞ்சலகம் எனத் துறைமுக ஊரின் கட்டடங்கள் சிதைந்தன. மக்கள் வாழத் தகுதியற்றது என அரசு அறிவித்த அவ்வூருக்கு மீனவக் குடும்பங்கள் மட்டும் திரும்பி வந்து, பனையோலைக் குடிசைகளில் குடியேறின. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை தார்ச்சாலை அமைந்தது 2017-இல்தான். 'செங்கடல்' எடுக்கப்பட்ட காலத்தில் அவ்விடத்தை அடைய, ஈரமணலில் தடம் பார்த்து ஓடும் ஜீப்பும் வேனும்தான் வழி.

1983-க்குப் பிறகு இலங்கையின் இனப்போர் இக்கரைக்கு இரண்டு வகையில் வந்து சேர்ந்தது. படகில் வந்தவர்கள் அரிச்சல்முனைக்கு அப்பாலுள்ள மணல் திட்டுகளில் இறக்கிவிடப்பட்டு, அங்கிருந்து மீட்கப்பட்டு மண்டபம் அகதிகள் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர் என்பது ஒன்று. 1974, 1976-ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் கடலில் வரைந்த எல்லைக்கோட்டைத் தாண்டியதாகச் சொல்லி மீனவர்கள் சுடப்பட்டதும் சிறைபிடிக்கப்பட்டதும் மற்றொன்று. கோடு கடலில் கண்ணுக்குத் தெரிவதில்லை. மீன் அக்கோட்டை அறிவதுமில்லை. அதே வேளையில், தமிழகத்தின் விசைப்படகுகள் தங்கள் வாழ்வாதாரத்தை வாரிச் செல்கின்றன என்று வட இலங்கைத் தமிழ் மீனவர்கள் எழுப்பும் குறையும் உண்மையானதே. இருபுறமும் ஒரே மொழி பேசும் இரு தரப்பு ஏழைகள் எதிரெதிரே நிற்கும் இக்கடலில், ஒரு கலைஞர் எத்தரப்பின் கண்ணால் பார்ப்பது என்ற சிக்கல் முதல் காட்சியிலேயே எழுந்துவிடுகிறது.

நான்கு பேரும் ஒரு வானொலியும்

'செங்கடல்' நான்கு பாத்திரங்களைச் சுற்றிச் சுழல்கிறது: படமெடுக்க வந்த மணிமேகலை, மீனவர் முனுசாமி, அகதிகளிடையே பணியாற்றும் சமூகப் பணியாளர் ரோஸ்மேரி, மனம் பிறழ்ந்த ஈழ அகதியான சூரி. சூரியாக நடித்த ஷோபாசக்தி, இளம் வயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்து, பின்னர் அதிலிருந்து விலகிப் பிரான்சில் அகதியாகக் குடியேறி, 'கொரில்லா' நாவலால் தமிழிலக்கியத்தில் தனியிடம் பெற்றவர். இப்படத்தின் திரைக்கதையை இயக்குநரோடு சேர்ந்து எழுதியவரும் அவரே. பின்னாளில், 2015-ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது வென்ற 'தீபன்' என்ற பிரெஞ்சுப் படத்தின் நாயகனாக உலகம் அவரை அறிந்தது. எம்.ஜே. ராதாகிருஷ்ணன் ஒளிப்பதிவு செய்ய, ஸ்ரீகர் பிரசாத் படத்தைத் தொகுத்தார். ஏனைய பாத்திரங்கள் பலவற்றில் அப்பகுதி மீனவர்களும் முகாம் அகதிகளும் தாமாகவே தோன்றினர். அவர்கள் பட்டவையே கதையின் மூலப்பொருளாயின.

சூரியின் கையில் எப்போதும் ஒரு வானொலிப் பெட்டி இருக்கிறது. அக்கரையின் ஒலிபரப்பு இக்கரையில் தெளிவாகக் கேட்பது ராமநாதபுரம் கடலோரத்தின் பழைய அனுபவம்; இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைக் கேட்டு வளர்ந்த தலைமுறையொன்று தமிழகத்திலேயே உண்டு. பாட்டுக் கேட்பதற்காக அக்கரையை நோக்கித் திரும்பியிருந்த அதே பெட்டி, போர்க்காலத்தில் இழவுச் செய்தி சொல்லும் பெட்டியானது. எவரோடும் பேசமுடியாத ஒருவர் அப்பெட்டியோடு மட்டும் உறவாடுவதைப் படம் காட்டும்போது, ஒலியைப் பெறும் கருவி ஒருவர் கையிலும், ஒளியைப் பெறும் கருவி இன்னொருவர் கையிலுமாக இருவர் எதிரெதிரே நிற்கின்றனர். இருவரும் அக்கரையில் நடப்பதைத் தடுக்கும் வல்லமையற்றவர்கள். ஒருவர் பித்தர் என்றும் மற்றவர் கலைஞர் என்றும் அழைக்கப்படுகிறார் என்பது மட்டுமே வேறுபாடு.

தமிழில் 'செங்கடல்' என்றும், வெளிநாட்டுப் பார்வையாளருக்குச் சாக்கடல் என்று பொருள்படும் வேறொரு பெயராலும் படம் அறிமுகமானதில் ஒரு நுட்பம் உள்ளது. முதற்பெயர் சிந்திய குருதியின் நிறத்தைச் சொல்கிறது. இரண்டாம் பெயர் அக்கடலில் மீனும் மனிதரும் இல்லாமற்போவதைச் சொல்கிறது. இரண்டும் மேற்காசியாவில் உள்ள உண்மையான நீர்ப்பரப்புகளின் பெயர்கள். தனுஷ்கோடியின் கடலுக்கோ ஆண், பெண் என்ற வீட்டுப் பெயர்கள் மட்டுமே இருந்தன. போர் அதற்கு இட்ட பெயர்களைப் படம் தன் தலைப்பில் ஏற்றுக்கொண்டது.

ஊற்றும் வலையும்

தனுஷ்கோடியின் குடிநீர், அலையிலிருந்து சில அடிகள் தள்ளி மணலில் கையால் தோண்டும் ஊற்றிலிருந்து கிடைக்கிறது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதப்பதால், முழங்கை ஆழத்தில் நல்ல தண்ணீர் சுரக்கிறது. பெண்கள் அதைச் சிறு பாத்திரத்தால் மெதுவாக அள்ளிக் குடத்தில் ஊற்றுகின்றனர். அவசரப்பட்டு அள்ளினால் கலங்கும். ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்புக் கரிக்கும். எவ்வளவு ஆழத்தில் நிறுத்த வேண்டும் என்பதை அறிந்திருப்பதே அங்கே தண்ணீர் எடுக்கும் கலை.

அகதி ஒருவரிடம் அவர் இழந்தவற்றைப் பற்றிக் கேட்பதற்கும் இவ்வளவு ஆழம் என்ற ஒரு வரம்பு உண்டு. இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள், அழுகை வரட்டும், கேமரா ஓடட்டும் என்று தோண்டும் பேட்டி முறை, ஒரு கட்டத்துக்குப் பின் சொல்பவருக்கு வலியையும் பார்ப்பவருக்குப் பழகிப்போன இரக்கத்தையும் மட்டுமே தருகிறது. பேட்டி எடுப்பவரைத் திரைக்கு வெளியே ஒளித்துவைக்கும் படத்தில் இந்தத் தோண்டல் தெரிவதில்லை. 'செங்கடல்' அவரைச் சட்டகத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தியதால், கேள்வியின் சுமையும் பார்வையாளர் கண்ணில் படுகிறது. கேட்பவர் கூனிக்குறுகுவதும், உதவ முடியாமல் நிற்பதும், தம் படம் எதற்கு என்று தம்மையே கேட்டுக்கொள்வதும் பதிவாகின்றன. படைப்பு முறை என்று கலை நூல்கள் குறிப்பது பெரும்பாலும் தேர்ச்சியின் வரலாற்றையே. இங்கு இயலாமையும் படைப்பு முறையின் ஓர் உறுப்பாகிறது.

தனுஷ்கோடிக் கரையில் இன்றும் காணத்தக்க கரைவலைத் தொழிலை அருகிருந்து பார்த்தால் இக்கருத்து மேலும் தெளிவாகும். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் ஆட்களிடம் விட்டுவிட்டு, வலையேற்றிய வள்ளம் கடலுக்குள் சென்று அரைவட்டமாக வலையை வளைத்துப் போட்டு, மறுமுனைக் கயிற்றோடு சற்றுத் தொலைவில் கரையேறும். இரு முனைகளிலும் இரு குழுக்கள், இடுப்பில் கயிறு பூட்டிப் பின்னோக்கி நடந்து, அடிமேல் அடியாக இழுக்கும். இழுக்க இழுக்க இரு குழுக்களும் ஒன்றையொன்று நெருங்கி வர, கடைசியில் மடி எனப்படும் வலையின் பை மீனோடு மணலில் ஏறும். முதியவர், இளைஞர், பெண்கள் எனக் கயிறு பிடித்த எல்லோருக்கும் அன்றைய விற்பனையில் பங்கு உண்டு. முதல் போட்டவர் என்ற முறையில் வலைக்காரருக்கும் வள்ளக்காரருக்கும் தனிப் பங்குகள் உண்டு. பங்கு நியாயமா என்று சண்டை வரலாம். ஆனால் பங்கே இல்லை என்று எவரும் சொல்ல முடியாது.

திரைப்படமும் இதே போல் பலர் கயிறு பிடித்து இழுக்கும் தொழில்தான். எனினும் மடி கரையேறியதும் மீன் முழுவதும் வலைக்காரர் பெயருக்கே எழுதப்படுகிறது. விருது இயக்குநருக்கு, விமர்சனம் இயக்குநருக்கு, வழக்கு வந்தால் அதுவும் இயக்குநருக்கு. தம் முகத்தையும் சொல்லையும் கொடுத்த மீனவருக்கும் அகதிக்கும் நன்றி நவிலல் அட்டையில் ஒரு வரி. அகதியைப் பொறுத்தவரை, முகம் காட்டியதன் விளைவு படக்குழு ஊர் திரும்பிய பிறகும் தொடரக்கூடும் என்பதால், அவர் போட்ட முதல் வலைக்காரர் போட்ட முதலைவிடப் பெரியது. 'செங்கடல்' இக்கணக்கைத் தீர்த்துவிட்டது என்று கூறுவதற்கில்லை. மீனவரையும் அகதியையும் நடிகராகவும் கதையின் ஊற்றாகவும் ஏற்றதன் மூலம் அவர்களது பங்கை அது ஒத்துக்கொண்டது. இயக்குநரைக் குற்றவுணர்வுடைய பாத்திரமாக ஆக்கியதன் மூலம் தன் கடன் இன்னும் நிலுவையில் இருப்பதையும் ஒத்துக்கொண்டது. இயக்குநர் தாமே மையத்தில் நிற்பதால், ஊரின் துயரம் ஒரு கலைஞரின் மனப்போராட்டத்துக்குப் பின்னணியாகிவிடுகிறது என்ற மறுப்பும் எழக்கூடும். தன்னுணர் முறையின் நிலையான இடர் இது: தன்னைக் காட்டத் தொடங்கும் கேமரா, பிறரை மறைக்கும் அளவுக்குத் தன்னைக் காட்டிவிடலாம்.

தணிக்கை என்னும் எல்லைக்கோடு

படத்தின் உருவாக்கம் படப்பிடிப்போடு முடியவில்லை. 1952-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி, பொதுமக்களுக்குத் திரையிடப்படும் எப்படமும் தணிக்கைச் சான்றிதழ் பெற்றாக வேண்டும். சென்னையிலுள்ள தணிக்கை மண்டல அலுவலகம் 2011-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 'செங்கடலு'க்குச் சான்றிதழ் மறுத்தது. இந்திய, இலங்கை அரசுகளைப் பற்றிய இழிவான அரசியல் கருத்துகள் படத்தில் உள்ளன என்பது மறுப்புக்குக் கூறப்பட்ட காரணங்களுள் முதன்மையானது. இயக்குநர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகியதையடுத்து, அதே ஆண்டில், வெட்டு ஏதுமின்றி வயதுவந்தோர் மட்டும் பார்க்கத்தக்க படம் என்ற சான்றிதழ் கிடைத்தது. ஆண்டிறுதியில் கோவாவில் நடந்த இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவின் இந்தியன் பனோரமா பிரிவிலும் படம் இடம்பெற்றது.

வெட்டின்றித் திரும்பி வந்ததன் முக்கியத்துவம், திரையிட அனுமதி கிடைத்ததோடு முடிந்துவிடுவதன்று. ஆவணப்படத்தில் பேசும் மீனவரின் கோபச் சொல், எழுதிக் கொடுக்கப்பட்ட வசனம் அன்று. அச்சொல்லை ஒலிநீக்கினால் அவர் கொடுத்த பங்கின் ஒரு பகுதி கழிந்துவிடுகிறது. அத்தகைய முறையீடுகளைக் கேட்டுவந்த அத்தீர்ப்பாயம் 2021-இல் கலைக்கப்பட்டது. இன்று சான்றிதழ் மறுக்கப்படும் ஒரு சிறு படத்தின் இயக்குநர் உயர் நீதிமன்றத்தின் படிகளையே ஏற வேண்டும்; வழக்கறிஞர் கட்டணமும் காலதாமதமும் பெரிய நிறுவனப் படத்துக்குச் சிறு செலவு, கரையோர ஆவணப்படத்துக்கு முழு முதலுக்கும் நிகரான செலவு.

பாசி எடுக்கும் விரல்கள்

பங்குக் கணக்கை வேறொரு வழியில் எழுதிப் பார்த்தவர் ஒளிப்படக் கலைஞர் எம். பழனிக்குமார். 2017-இல் வெளிவந்து, மலக்குழி மரணங்களை அம்பலப்படுத்திய 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர்களுள் ஒருவராகப் பணியாற்றிய அவர், 'பாரி' என்றழைக்கப்படும் ஊரக இந்தியாவின் மக்கள் ஆவணக் களஞ்சியத்துக்காக 2019-இல் ராமநாதபுரம் கடலோரத்தின் பாசி எடுக்கும் பெண்களைப் பதிவு செய்தார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை ஒட்டிய ஆழமற்ற கடலில் மூச்சடக்கி மூழ்கி, பாறையில் வளரும் மரிக்கொழுந்துப் பாசி போன்ற கடற்பாசிகளைப் பறிப்பது அவர்களது தொழில். கடல்பாசியிலிருந்து எடுக்கப்படும் அகர் என்னும் கூழ்ப்பொருள் உணவுத் தொழிலிலும் ஆய்வகங்களிலும் பயன்படுகிறது. அதைப் பறிக்கும் விரல்களோ, பாறை கிழிக்காமலிருக்கத் துணிக்கீற்றுகளால் சுற்றப்பட்டவை. கண்ணாடியும் ரப்பர் செருப்பும் இடுப்பில் கட்டிய பையுமாகப் பெண்கள் நீருக்குள் இறங்கும் அப்படங்களில், துணி சுற்றிய விரல்களே முகத்தைவிட அதிகம் பேசுகின்றன.

தேசியக் கடல் பூங்காவாக 1986-இல் அறிவிக்கப்பட்ட அத்தீவுகளில் நுழைவதற்கு வனத்துறையின் தடை இருப்பதால், இப்பெண்களின் உழைப்புக்குச் சட்டத்தின் ஓரத்தில்தான் இடம். எனினும் அவர்களும் தமக்குள் கட்டுப்பாடு வகுத்துக்கொண்டு, மாதத்தில் சில நாட்கள் மட்டுமே கடலுக்குச் செல்கின்றனர். அவர்களது அறிவுக்கும் தலைமைக்கும் அடையாளமாக, ராமேஸ்வரம் தீவின் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமிக்கு 2015-இல் சீகாலஜி அமைப்பின் விருது வழங்கப்பட்டது. பழனிக்குமாருக்கு 2022-இல் தயானிதா சிங் – பாரி ஆவண ஒளிப்பட விருது கிடைத்தது. மதுரையில் மீன் விற்று வளர்த்த தாயின் உழைப்பைப் பற்றி அவர் படங்களோடு எழுதியுள்ள கட்டுரை, தம் பார்வை எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு கலைஞர் தாமே அளிக்கும் வாக்குமூலம்; மீன் விற்பவரின் மகன் கடற்கரைக்குக் கேமராவோடு செல்லும்போது, அவர் அந்தக் கடற்கரைக்கு முற்றிலும் அயலார் ஆகிவிடுவதில்லை. மீனவர், தூய்மைப் பணியாளர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு அவர் ஒளிப்படப் பயிற்சி அளித்து வருவதும் இக்கணக்கில் சேரும். கேமராவையே கரையில் விட்டுச் செல்வது, பங்கு கொடுக்கும் வழிகளுள் நேரானது.

'செங்கடல்' கேள்வியைத் தெளிவாகக் கேட்டது. பழனிக்குமாரின் பயிற்சி வகுப்புகள் விடையின் ஒரு பகுதியைச் செய்து காட்டுகின்றன. அழகியலில் முன்னதும் அறவியலில் பின்னதும் ஒரு படி மேல் என்று சொன்னால் அது பெருமளவு பொருந்தும்.

கரைக்கு உரிய பங்கு

படைத்தவரும் படைக்கப்பட்டவரும் ஒரே சட்டகத்தில் இடம்பெறுவது ராமநாதபுரம் மாவட்டத்தின் கலை வரலாற்றில் புதியது என்பதை உணர ராமநாதபுரம் அரண்மனைக்குச் சென்றால் போதும். அங்குள்ள ராமலிங்க விலாசத்தின் சுவர்களை, 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முத்து விஜய ரகுநாத சேதுபதியின் காலத்து ஓவியங்கள் நிறைத்திருக்கின்றன. தஞ்சை மராத்தியரோடு நடந்த போரும், ஐரோப்பியரை அரசர் வரவேற்கும் காட்சியும், அந்தப்புர வாழ்வும், ராமாயணமும் அவற்றில் உண்டு. எந்த அரசர் எந்த ஆடையில் அமர்ந்திருந்தார் என்று இன்றும் சொல்லலாம். சுண்ணச் சுவரில் நிறம் தீட்டிய ஓவியர் எவர் என்று பெயர் சொல்ல வழியில்லை. கடலால் செல்வம் பெற்ற அந்த அரசின் சுவரில் முதலிடம் பெற்றவர்கள் முத்துக் குளித்தவர்கள் அல்லர்.

இன்று நிலைமை தலைகீழானது. கலைஞரின் பெயர் முதல் எழுத்தாக வருகிறது, கரையும் படம் முழுக்க நிறைந்திருக்கிறது. 2017-இல் சாலை வந்த பிறகு தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்தின் முன் நாள்தோறும் நூற்றுக்கணக்கான கைப்பேசிக் கேமராக்கள் திறக்கின்றன. 2022-இல் இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் மீண்டும் அகதிகள் மணல் திட்டுகளில் வந்து நின்றபோது தொலைக்காட்சிக் கேமராக்களும் வந்தன. எடுக்கப்பட்ட படங்களில் மிகப் பெரும்பாலானவை, எடுக்கப்பட்டவரின் கண்ணில் ஒருமுறைகூடப் படாமல் ஊரைவிட்டுச் செல்கின்றன.

இதை மாற்றப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. இக்கரையைப் பற்றி எடுக்கப்படும் ஒவ்வோர் ஆவணப்படமும் விழாவுக்குச் செல்லும் முன்போ பின்போ ஒரு முறையேனும் தனுஷ்கோடியிலும் பாம்பனிலும் மண்டபத்திலும் திரைகட்டிக் காட்டப்பட வேண்டும். படம்பிடிக்கப்பட்டவர் சொல்லும் குறையைக் கேட்டுத் திருத்தும் வழக்கம் படக்குழுக்களிடம் வேரூன்ற வேண்டும். ஒவ்வொரு படத்தின் ஒரு படியையும் ராமநாதபுரம் மாவட்ட மைய நூலகத்தில் வைக்க மாவட்ட நிர்வாகமும் கலைஞர்களும் முன்வர வேண்டும். வலைக்கும் வள்ளத்துக்கும் ஆளுக்கும் பங்கு பிரித்துப் பழகிய ஊருக்கு இக்கணக்கு எளிதாகவே புரியும். எழுதத் தொடங்க வேண்டியவர்கள் கேமராவோடு வருபவர்கள்தான்.